கழுத்துப்பட்டி கட்டினால் கணக்கு நேராகாது

பண்டத்தரிப்பிலிருந்து முகாமைத்துவ பீடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் ஒரு கருத்து வேதவாக்காகிவிட்டது. "பெடியனிட்டைப் படிப்பு இருக்கு, மென்திறன்தான் இல்லை." நேர்முகப் பரீட்சை நடத்தும் கம்பனிக்காரர் சொல்கிறார். கனடாவிலிருந்து சூமில் வந்து அறிவுரை தரும் பழைய மாணவர் சொல்கிறார். கடைசியில் பிள்ளையே அதைத் தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறான்.

இதுதான் அந்தக் கருத்தின் முழு வடிவம். வடக்கின் வணிகப் பட்டதாரிக்குப் பாட அறிவு உண்டு. ஆனால் ஆங்கிலம் தடுமாறும், கை குலுக்கத் தெரியாது, கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான், மேடையில் கால் நடுங்கும். ஆகவே வேலை கிடைப்பதில்லை. மருந்தும் கூடவே வருகிறது: வார இறுதிப் பயிற்சிப் பட்டறை, ஆளுமை விருத்திக் கருத்தரங்கு, சுயவிபரக்கோவை எழுதும் வகுப்பு, லிங்க்ட்இன் பக்கம், முடிந்தால் கொழும்பில் ஓர் உள்ளகப் பயிற்சி. மருந்து சாப்பிட்டவர்களிடம் ஒரு கோவை நிறையச் சான்றிதழ்கள் இருக்கின்றன. நோய் போனதாகத் தெரியவில்லை.

நோய் இருப்பதை நான் மறுக்கவில்லை. வேலை கொடுப்பவர்கள் தனிப்பட்ட பேச்சில் சொல்லும் குறைகளைக் கேட்டால் அவற்றில் பெரும்பாலானவை உண்மை. ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதே கால். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. கொடுத்த வேலை பிழைத்துப்போனால் கடைசி நாள்வரை வாய் திறப்பதில்லை. ஆனால் இந்தக் குறைகளில் எத்தனை ஆங்கிலத்தைப் பற்றியவை? எத்தனை கண்ணைப் பார்த்துப் பேசுவதைப் பற்றியவை? நேரம், பதில், கெட்ட செய்தியை நேரத்தோடு சொல்வது: மூன்றும் பழக்கங்கள். பழக்கம் இல்லாதவனுக்கு நாங்கள் பாவனை கற்பிக்கிறோம்.

பழக்கம் எங்கே பிடிபடுகிறது? என் சுணக்கம் இன்னொருவர் தலையில் விழும் இடத்தில். பல்கலைக்கழகத்தில் ஒப்படை பிந்தினால் நட்டம் எனக்கு மட்டும்தான். ஐந்து புள்ளி குறையும், அவ்வளவுதான். குழு ஒப்படை என்றால் அந்த நட்டமும் இல்லை. ஒருத்தி இரவிரவாக இருந்து எழுதுவாள், மற்ற நாலு பேரும் முன்பக்கத்தில் பெயர் போடுவார்கள். நாலு வருடம் இப்படிப் போன பிறகு, மண்டபம் ஒன்றில் குளிரூட்டியைப் போட்டு "நேர முகாமைத்துவம்" என்று ஒரு நாள் வகுப்பெடுத்தால் என்ன ஒட்டும்? வகுப்பெடுப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. யாருக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டியிராத ஒருவனுக்குப் பொறுப்பைப் பேச்சால் ஊட்ட முடியாது.

முதலில் ஆங்கிலத்தை எடுத்துக்கொள்வோம், இந்தக் கருத்தின் தூண் அதுதான். ஆங்கிலம் வேண்டும். முகாமைத்துவப் பட்டப்படிப்பே ஆங்கிலத்தில்தான். பட்டயக் கணக்காளராக உயர நினைப்பவருக்கும், வெளிநாட்டுக்கு ஒரு பெட்டி கருவாடு அனுப்ப நினைப்பவருக்கும் அது இல்லாமல் நடக்காது. கேள்வி, அது எப்படி வருகிறது என்பது. தீவுப்பகுதியிலிருந்தும் வலிகாமத்திலிருந்தும் தெற்கே கடை வைக்கப் போனவர்களின் வரலாறு எங்களிடம் இருக்கிறது. காரைநகர், புங்குடுதீவுப் பெடியள் பதினைந்து பதினாறு வயதில் காலியிலும் கண்டியிலும் அநுராதபுரத்திலும் உறவினரின் சுருட்டுக் கடைக்குப் போய் இறங்கினார்கள். ஒரு சொல் சிங்களம் தெரியாது. கடை கூட்டி, சாமான் நிறுத்து, கடன் கொப்பி எழுதி, நிலுவை கேட்கப் போன இடத்தில் மொழி வந்தது. கடனை வாங்காமல் திரும்ப முடியாதென்றால் வாய் தானாகத் திறக்கும். 1958, 1977, 1983 வன்முறைகள் அந்தக் கடைகளை எரித்தன. எரிந்த பிறகும் திரும்பிப் போய்த் திறந்தவர்கள் பலர். ஏனென்றால் அவர்களுக்கு அங்கே வரவேண்டிய கடனும் இருந்தது, தெரிந்த முகமும் இருந்தது. ஆங்கிலம் மட்டும் ஏன் வேறு வழியால் வரப்போகிறது? தேவை இல்லாத இடத்தில் எத்தனை பயிற்சி வகுப்பு வைத்தாலும் மொழி பரீட்சைத் தாளோடு நின்றுவிடும்.

அந்தக் கடைவாழ்க்கையைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. முதலாளி அடித்த கதைகளும், சம்பளமே இல்லாமல் வருடக்கணக்காக உழைத்த கதைகளும் அதே வீடுகளில் உண்டு. கற்ற முறையைத்தான் சொல்கிறேன், கொடுமையை அல்ல.

அடுத்தது தோற்றமும் பேச்சுவன்மையும். இங்கேதான் இந்தக் கருத்து ஆபத்தாகிறது. போருக்குப் பின் வடக்கில் மிகச் சிறந்த மென்திறனோடு வீடுவீடாக வந்தவர்கள் யார் என்று எங்கள் பெண்களைக் கேளுங்கள். நுண்கடன் கம்பனிகளின் வெளிக்கள உத்தியோகத்தர்கள். மடிப்புக் கலையாத சேட், பளபளக்கும் சப்பாத்து, சொன்ன நிமிடத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள், வாய் நிறைய "அக்கா". நேரம் தவறுவதில்லை. இலக்கு வைத்து வேலை செய்தார்கள். குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற எல்லோரையும் இருத்திவைத்துச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். பட்டறையில் சொல்லித்தரும் எல்லாமே அவர்களிடம் இருந்தன. விளைவு, தெருவில் இறங்கிய பெண்கள். 2018-இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்க வேண்டி வந்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பும் அந்தக் காலத்தில்தான் வந்தது. உச்சவரம்பே 35 வீதமென்றால் அதற்கு முன் எவ்வளவு வாங்கினார்கள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அந்த உத்தியோகத்தர்களில் பலர் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், வணிகம் படித்தவர்கள். இந்தப் பெண்ணின் வருமானத்துக்கு இந்தத் தவணை தாங்காது என்று மேலிடத்துக்கு எழுதும் பழக்கத்தை அவர்களுக்கு எந்தப் பட்டறையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வடக்கு மட்டும்தானா? 2008 கடைசியில் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி நொறுங்கியபோது ஆயிரக்கணக்கானோரின் வைப்புப் பணம் முடங்கியது. 2020-இல் த பினான்ஸ் கம்பனி, இடிஐ பினான்ஸ் இரண்டின் அனுமதிப்பத்திரங்களையும் மத்திய வங்கி இரத்துச் செய்தது. 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. அந்த நெருக்கடிக்கு இட்டுச்சென்ற முடிவுகளால் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்கள் உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மட்டத்தில் யாருக்கும் ஆங்கிலம் தடுமாறவில்லை, மேடையில் கால் நடுங்கவில்லை. மென்திறன் பற்றாக்குறையால் மூழ்கிய ஒரு நிறுவனத்தை எனக்குக் காட்டுங்கள். கணக்கை மறைத்து மூழ்கியவற்றின் பட்டியல் நீளமானது.

அப்படியானால் தோற்றமே தொழில்முறை என்ற எண்ணம் எங்களுக்குள் எப்படி இவ்வளவு ஆழமாக இறங்கியது? அதற்கு எங்கள் ஊருக்கேயுரிய வரலாறு உண்டு. பண்டத்தரிப்பு அமெரிக்க மிஷனின் பழைய நிலையங்களில் ஒன்று. வைத்திய மிஷனரி ஜோன் ஸ்கடர் 1820-இல் இங்கேதான் வந்து வேலையைத் தொடங்கினார். இந்தச் சுற்றுவட்டாரத்து மிஷன் பள்ளிகளில் தேறிய பையன்களுக்கு மேற்படிப்பு 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி. அங்கே கணிதமும் வானவியலும் தமிழும் ஆங்கிலமும் தரமாகவே கற்பித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். ஆனால் 1855-இல் மிஷன் அதை மூடியது. மாணவர்கள் ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்கும் கம்பனி வேலைக்கும் போய்விடுகிறார்கள் என்பது அதற்குச் சொன்ன முக்கிய காரணங்களில் ஒன்று. செமினரி மூடப்பட்டது, வழி மூடப்படவில்லை. அதே வழியால் எங்கள் ஆட்கள் கச்சேரிக்குப் போனார்கள், மலாயாவின் புகையிரதப் பகுதிக்குப் போனார்கள், வெள்ளைக் காற்சட்டையோடும் பென்சனோடும் திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள்.

அந்தக் கிளாக்கர் ஐயாதான் இன்றுவரை எங்கள் மனத்தில் இருக்கும் தொழில்முறையாளர். சுத்தமான உடை, அழகான கையெழுத்து, அளந்த ஆங்கிலம், மேலதிகாரி முன்னால் பணிவு. அவர் காலத்துக்கு அது போதும். ஏனென்றால் முடிவெடுத்தவன் வெள்ளைக்காரன். முகாமைத்துவம் படிக்கும் பிள்ளையின் வேலை முடிவெடுப்பது. அந்தப் பிள்ளைக்கு நாங்கள் இன்னும் கிளாக்கரின் உடுப்பையே தைத்துக்கொண்டிருக்கிறோம், துணி மட்டும் புதிது. 2017-இல் யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்ததும், 2020-இல் அரசு மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் ஐம்பதாயிரம் அளவான பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்ததும் அந்தக் கதையின் தொடர்ச்சி. வணிக நிர்வாகப் பட்டதாரி ஒருவர் பிரதேச செயலகத்தில் கையொப்பமிட்டுவிட்டு உட்காரக் கதிரை தேடுவதைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அவருக்கு வேலையே கொடுக்கப்படவில்லை. அவருக்கு எந்தப் பழக்கம் குறைவென்று யார் சொல்வது?

இனி, தொழில்முறை எங்கே உருவாகும் என்பதற்கு வருகிறேன். வருடாந்தப் பொதுக்கூட்டம் நடக்கும் ஏதோவொரு சனசமூக நிலையத்தை எண்ணிப்பாருங்கள். பொருளாளர் இரண்டாம் வருட முகாமைத்துவ மாணவன். உயர்தரத்தில் கணக்கீட்டில் ஏ எடுத்தவன். பரீட்சைமீதி, ஐந்தொகை, வங்கி இணக்கக் கூற்று எல்லாம் கை தடுக்காமல் போடுவான். கூட்டத்துக்கு முதல்நாள் இரவு பெட்டியில் உள்ள காசை எண்ணுகிறான். காசேட்டில் உள்ளதைவிட 3,400 ரூபா குறைகிறது. மூன்று தரம் எண்ணியும் குறைகிறது. விளையாட்டுப் போட்டியன்று யாரோ அவசரத்துக்கு எடுத்துச் சோடா வாங்கியிருக்கலாம், சிட்டை இல்லை. அவன் முன்னால் மூன்று வழி. ஒன்று, பந்தல் செலவில் ஏற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது. இரண்டு, அம்மாவிடம் வாங்கிச் சொந்தக் காசைப் போட்டுச் சமப்படுத்தலாம். நல்ல மனம் போலத் தோன்றும், கணக்காளர் கண்ணில் அதுவும் பொய்க்கணக்கு. மூன்று, "காசுக் குறைவு 3,400" என்று எழுதி நாளைக்குச் சபையில் வாசிக்கலாம்.

அவன் மூன்றாவதைச் செய்கிறான் என்று வையுங்கள். முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் எழும்புவார். "தம்பி, உந்த மூவாயிரத்து நானூறு எங்கை போனது?"

"தெரியேல்லை ஐயா. சிட்டை இல்லாமல் காசு குடுத்திருக்கிறம். அது என்ரை பிழை. இனி வவுச்சரில கையெழுத்து இல்லாமல் ஒரு சதமும் போகாது."

அந்த நாலு வசனத்தை நாற்பது பேர் முன்னால் சொன்ன பிள்ளைக்கு மேடையில் கால் நடுங்காது. நடுங்கினாலும் அவன் சொன்னதன் பெறுமதி குறையாது. பிழையைத் தானே கண்டுபிடித்தல், எழுத்தில் வைத்தல், கேட்பதற்கு முன் சொல்லுதல், திரும்ப நடக்காமல் ஒரு முறையை ஏற்படுத்துதல். உலகத்தின் எந்தக் கணக்காய்வு நிறுவனமும் தன் இளம் உத்தியோகத்தரிடம் எதிர்பார்ப்பது இதைத்தான். அடுத்த மாதம் விளையாட்டுக் கழகத் தலைவர், அதுவும் சொந்த மச்சான், "பிறகு சிட்டை தாறன், இப்ப காசைத் தா" என்று வரும்போது இல்லையென்று சொல்லப் பழகினால் அதுவே பேரம் பேசும் திறன், அதுவே தலைமைத்துவம்.

இந்த வாய்ப்பு எங்கள் பக்கத்தில் மலிந்து கிடக்கிறது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை. மாதகல் கரையில் மீன் ஏலம் நடக்கிறது. சங்கானைச் சந்தையில் மரக்கறி வியாபாரம் நடக்கிறது. இவையெல்லாம் படிப்புக்குத் தகுதியில்லாத நாட்டுப்புற விடயங்கள் என்று எண்ணுவோர் ஒரு தரம் வரலாற்றைப் புரட்டலாம். இலங்கையில் கூட்டுறவுச் சட்டம் 1911-இல் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்தார் புகையிலையை மலையாள நாட்டுக்கு விற்கக் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். 1930களில் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையையே கட்டி எழுப்பினார்கள். பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். அதன் பின்னால் இருந்தவர்கள் மாதச் சந்தாவை எழுதி, பற்றுச்சீட்டுக் கிழித்து, கூட்ட அறிக்கை வைத்த ஆசிரியர்களும் கமக்காரரும்தான். யாழ் நகரில் எத்தனையோ கருத்தரங்குகளுக்கு இடம் கொடுத்த வீரசிங்கம் மண்டபம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது? மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த ஒரு கூட்டுறவாளரின் பெயரை.

ஆய்வுக்கும் பஞ்சமில்லை. எங்கள் சந்தைகளில் கமக்காரர் 100 கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனால் 10 கிலோவைக் "கழிவு" என்று வெட்டும் வழக்கம் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசியாகிவிட்டது. நிறுத்தச் சொல்லி முடிவெடுப்பார்கள், கொஞ்ச நாளில் திரும்பவும் தலைகாட்டும். ஒரு பருவம் முழுக்கச் சந்தையில் நின்று எவ்வளவு கொண்டுவந்தார்கள், எவ்வளவு உண்மையில் பழுது, எவ்வளவு வெட்டினார்கள் என்று நிறுத்து எழுத நாலு மாணவர் போதும். அந்தத் தாள் ஒரு பிரதேச சபைத் தவிசாளரின் மேசைக்குப் போனால் அது வெறும் ஒப்படையாக இராது. வியாபாரி எதிர்க்கேள்வி கேட்பான், கமக்காரர் திருத்துவார், பிழையாக எழுதிய எண் ஒன்று இருந்தால் சந்தையே சிரிக்கும். அந்தப் பயம்தான் துல்லியத்தைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். இதற்குப் பதிலாக எங்கள் மாணவர் அமெரிக்கக் கம்பனியொன்றின் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு பெட்டி போட்டு, இணையத்திலிருந்து எடுத்ததைப் பவர்பொயின்ரில் ஒட்டுகிறார்கள். அந்தக் கம்பனி திருப்பி ஒரு கேள்வியும் கேட்காது.

எதிர்ப்பு வரும், தெரியும். முதலாவது: ஊர் நிறுவனங்கள் சாதியாலும் குடும்பத்தாலும் கட்டப்பட்டவை, பெண்பிள்ளைகளுக்குக் கதிரையே இல்லை, கணக்கே ஒழுங்காக இல்லாத இடத்தில் எதைப் படிப்பது? இது கனமான கேள்வி. பல கூட்டுறவுச் சங்கங்கள் அரசியல் தலையீட்டாலும் களவாலும் சீரழிந்தன, சில கோயில் கணக்குகள் நீதிமன்றப் படி ஏறின. ஆகவே எல்லா இடத்துக்கும் பிள்ளைகளை அனுப்பச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அங்கத்துவம் திறந்திருக்கும், வெளிக் கணக்காய்வுக்கு உட்படும் அமைப்புகளைப் பீடமே தெரிந்தெடுக்கட்டும். மாதர் சங்கங்களும் கூட்டுறவுகளும் முதலில் நிற்கட்டும். கொழும்புக் கம்பனிகளில் உறவும் செல்வாக்கும் வேலை செய்யவில்லையா என்று யாரும் கேட்பதில்லை, அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

இரண்டாவது: சங்கக் கணக்கு எழுதியதைச் சுயவிபரக்கோவையில் போட்டால் கொழும்பில் யார் மதிப்பார்? எழுதும் விதத்தில் எழுதினால் மதிப்பார்கள். "மென்திறன் பட்டறையில் பங்குபற்றினேன்" என்ற வரியை ஒரே நாளில் நூறு விண்ணப்பத்தில் பார்க்கும் முகாமையாளருக்கு, "120 அங்கத்தவர் கொண்ட சங்கத்தின் காசேட்டை இரண்டு வருடம் பேணினேன், கணக்காய்வில் சுட்டப்பட்ட மூன்று குறைகளை இவ்வாறு திருத்தினேன்" என்ற வரி கண்ணில் படாமல் போகாது. நேர்முகத்தில் அவர் அதைப் பற்றித்தான் கேட்பார். பிள்ளைக்குச் சொல்ல விடயம் இருக்கும். சொல்ல விடயம் இருப்பவனுக்கு உடைந்த ஆங்கிலமும் ஆங்கிலம்தான். தன் தாய் பத்து வருடமாக ஒரு பிசகில்லாமல் கழிவுச் சீட்டுப் பிடித்து நடத்துவதை மறைத்துவிட்டு, படிக்காத புத்தகமொன்றைப் "பிடித்த நூல்" என்று எழுதும் பிள்ளைதான் அந்த அறையில் திணறுகிறான்.

மூன்றாவது: அப்படியானால் கொழும்புப் பயிற்சி வேண்டாமா? வேண்டும், ஆனால் இரண்டாவதாக. அடையாள அட்டைகளை நிழற்பிரதி எடுத்து, கோவைகளை அடுக்கி, தேநீர் வாங்கிக் கொடுத்து ஆறு மாதத்தை ஓட்டிவிட்டு வரும் பயிலுநர்கள் ஏராளம். ஏற்கெனவே ஒரு காசுப்பெட்டிக்குப் பொறுப்பாக இருந்தவன் அங்கே போனால் எதைக் கேட்பதென்று தெரிந்திருப்பான். வெறுங்கையோடு போகிறவன் நிழற்பிரதி இயந்திரத்தோடு நின்றுவிடுவான்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத காரியம். முதலாம் வருடத்திலிருந்தே ஒவ்வொரு வணிக மாணவரும் தன் ஊரில் மெய்யான ஒரு கணக்குக்கு ஒரு வருடமாவது பொறுப்பேற்க வேண்டும். கூட்ட அறிக்கையைத் தமிழில் எழுதிச் சபையில் வாசிக்கட்டும், அதே கணக்கின் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிப் பீடத்துக்குக் கொடுக்கட்டும். ஆங்கிலத்துக்கும் அப்போது ஒரு வேலை கிடைக்கும். புள்ளியில் ஒரு பங்கை விரிவுரையாளர் போடட்டும், இன்னொரு பங்கை அந்தச் சங்கத்தின் அங்கத்தவர்கள் போடட்டும். பட்டறைக்கு ஒதுக்கும் காசில் பாதியைக் கொடுத்தால் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிட ஒரு கணக்காய்வாளரை அமர்த்தலாம்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. "படிக்கிற பிள்ளை, உதுக்குள்ளை இழுக்காதேங்கோ" என்று சொல்லிக் கணக்குக் கொப்பியை அதே மூன்று பேரின் கையில் முப்பது வருடமாக வைத்திருப்பவர்கள், பிறகு பட்டதாரிக்குப் பொறுப்பில்லை என்று முறையிட உரிமையற்றவர்கள். கொப்பியைக் கொடுங்கள், சாவியையும் கொடுங்கள், வருடக் கடைசியில் சபை நடுவில் எழுப்பி விட்டுக் கேள்வி கேளுங்கள். அதற்குப் பிறகும் அந்தப் பிள்ளை நேரத்துக்கு வராவிட்டால், பதில் எழுதாவிட்டால், பிழையை மறைத்தால், அப்போது நாங்கள் அவனைக் குறை சொல்லலாம். அதுவரை இந்தப் பற்றாக்குறை எங்களுடையது.